பத்து புள்ளி ஒன்பது

5 ஜூன் 2023, திங்கள்

காலையில் இரண்டு வேலை பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டியில் ஒழுகிய வால்வை மாற்றினேன். வீட்டுக்காரரை நடக்கச் சம்மதிக்க வைத்தேன். வால்வு அரை மணியில் முடிந்தது.

இவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. கை பரவாயில்லை, கால்தான் இழுக்கிறது. பிசியோதெரபிஸ்ட் டெய்சி வாரம் மூன்று நாள் வருகிறாள். நாகர்கோவில்காரி, வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். "இப்ப விட்டா அப்புறம் ரொம்ப கஷ்டம் சார், இந்த ரெண்டு மாசம் எனக்குத் தாங்க" என்று கெஞ்சுகிறாள். டாக்டரும் அதையேதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்.

வீட்டின் பக்கவாட்டில் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகும் சிமென்ட் பாதையில் பத்து மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறாள். அதை இவர் கடக்கும் நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்கிறாள். இவருக்கு அது பிடிக்கவில்லை.

"போன்ல பாக்கறதெல்லாம் ஒரு நேரமாம்மிணி? அது உன்ற விரலு அமுக்கற நேரம். ஏம் பிரேமா, உன்ற பொட்டி எங்க?" என்றார்.

பரணில்தான் இருக்கிறது என்றேன். இவர் முகத்தில் நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

7 ஜூன், புதன்

பெட்டியை இறக்கினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

சாம்பல் நிறத் தகரப் பெட்டி, முன்னால் சிவப்பு எண்கள். இது ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் கருவி. எல்லைக் கோட்டின் ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் ஒளியை உணரும் சென்சார். ஓடி வருபவரின் உடம்பு வெளிச்சத்தை மறைத்ததும் கடிகாரம் நின்றுவிடும். நான் டிப்ளமோ முடித்து முதலில் சேர்ந்த இடத்தில் செய்தது. கணபதி பகுதியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், ஐந்து பேர், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, எப்போதும் பற்றவைப்புப் புகை. மத்தியானம் மூன்று மணிக்கு மில் சங்கு ஊதினால் டீ வந்துவிடும். எத்தனை வீடு மாறியும் இந்தப் பெட்டியை மட்டும் நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. மூடியைத் திறந்ததும், பற்றவைக்கும்போது எழும் அந்த ரோசின் வாசனை லேசாக வந்தது. வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. சற்று நேரம் அப்படியே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வற்றிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். எண்கள் எரிந்தன. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைதட்டினார், இடது கையால் தொடையில்.

8 ஜூன், வியாழன்

டெய்சிக்கு இவர் கதை சொன்னது நேற்று. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இவர் சொன்ன விதத்தில் அல்ல, நடந்த விதத்தில்.

1983 ஜனவரி. மில்லின் ஆண்டு விளையாட்டு விழா. எங்கள் பெட்டிக்கு அதுதான் முதல் வெளிவேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, இரட்டைச் சடை போடுவதை விட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மைதானம் முழுக்க வண்ணக் காகிதத் தோரணம், புங்க மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, ஜிகினா பேட்ஜ் குத்திய மேனேஜர்கள். நூறு மீட்டரில் ஸ்பின்னிங் பகுதியிலிருந்து ஒருவர் எல்லைக் கயிற்றை நெஞ்சில் வாங்கி முதலில் வந்தார். எண்கள் 10.9 என்று நின்றன. புல் தரையில், வெறுங்காலில். கூட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவரை அந்த மேடையிலேயே நிரந்தரம் என்று அறிவித்தார்கள்.

சாயங்காலம் நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து நின்றார். "ஏனுங்க, நெசமாலுமே பத்து புள்ளி ஒன்பதுங்களா?"

"மிஷின் பொய் சொல்லாதுங்க" என்றேன். அதுதான் நான் இவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த வாரம் ஷெட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்த வாரமும். மூன்றாம் முறை மைசூர்பாகு வாங்கி வந்ததால் எங்கள் முதலாளிக்குக்கூட விஷயம் விளங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மாவட்ட அணித் தேர்வு நடந்தது. அங்கே ஸ்டாப் வாட்ச்சில் நேரம் பார்த்தார்கள். பதினொன்று புள்ளி ஏழு. எடுக்கவில்லை. "வலது காலு புடிச்சுக்கிச்சு" என்றார் இவர். அதன் பிறகு மூன்று வருடம் விடிகாலையில் ஓடிப் பார்த்தார், பத்து புள்ளி ஒன்பது திரும்பி வரவேயில்லை. மில் மூடி, பம்ப் கம்பெனியில் ஃபிட்டராகப் போய், ஓய்வும் பெற்றாயிற்று. இன்றைக்கும் மழை வந்தால், படி ஏறினால், பஸ்ஸைத் தவறவிட்டால், அந்த வலது கால்தான் இவரிடம் திட்டு வாங்கும். பக்கவாதம் வந்ததும் டாக்டரிடமே சொன்னார், "இது எப்பவுமே என்னயக் கைவிட்ட காலுதானுங்க."

9 ஜூன், வெள்ளி

இரண்டு கோட்டிலும் விளக்கும் சென்சாரும் வைத்தாயிற்று. முதல் கோட்டைத் தாண்டினால் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் நிற்கும். இவர் கடந்த நேரம் இருபத்தைந்து விநாடி. டெய்சி கைபேசியை எடுக்கவே இல்லை, இவர் விடவில்லை. "பெட்டிதான் அம்பயர்" என்றார்.

12 ஜூன், திங்கள்

பதினாறு!

டெய்சி கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவர் எல்லைக் கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது சிவப்பில் 16 என்று இருந்திருக்கிறது. நான் அப்போது சமையலறையில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஓடி வந்தேன்.

"பாத்தியா புள்ள? காலு திரும்பி வருது!" என்றார். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு போன். ரேஷன் கடைக்காரருக்கு போன். மத்தியானம் இரண்டு தட்டு சாப்பாடு. நான் சீவிக் கொடுத்த மாம்பழத்தைத் தானே வலது கையால் எடுத்தார். நான் இன்னொரு பழம் சீவினேன்.

14 ஜூன், புதன்

இருபத்தைந்து. "நேத்து சரியாத் தூங்கல" என்றார்.

16 ஜூன், வெள்ளி

இருபத்தாறு. மறுபடி நடந்தார், இருபத்தைந்து. மறுபடி நடக்கப் போனவரை டெய்சி தடுத்தாள்.

ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார். அது துளசிச் செடியில் விழுந்தது. "ஒருநா வந்தது மறுநா வரலீன்னா அது காலே இல்ல. அன்னிக்கும் இதேதான் பண்ணுச்சு, இன்னிக்கும் இதேதான் பண்ணுது. எனக்கு வேண்டாஞ் சாமி."

"என்ன சார் இப்பிடி சொல்லுதீங்க? இருவத்தஞ்சும் நல்ல நேரந்தான்."

"பதினாறு நடந்தவனுக்கு இருவத்தஞ்சு என்னம்மிணி நல்ல நேரம்?"

டெய்சி கோலைத் துளசியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

17 ஜூன், சனி

நடக்கவில்லை. சாரல். துணி காயவில்லை.

19 ஜூன், திங்கள்

டெய்சி வந்தாள். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் டீ குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "அம்மா, இப்பிடியே ஒரு மாசம் கெடந்தா அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் மழுப்பிச் சிரித்து அனுப்பினேன்.

20 ஜூன், செவ்வாய்

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடலாம் என்று துடைத்தேன். கடைசியாக ஒரு முறை போட்டுப் பார்த்தேன். பூனை ஒன்று முதல் கோட்டைத் தாண்டிப் போனது, எண்கள் ஓட ஆரம்பித்தன. அது எல்லைக் கோட்டுக்குப் போகாமல் மதில்மேல் ஏறிவிட்டது. சரி, ஓடட்டும் என்று உள்ளே போய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் எண்கள் நின்றிருந்தன.

பாதையில் யாரும் இல்லை. பூனைகூட மதிலில்தான் இருந்தது.

கையாலேயே முதல் கோட்டை மறைத்து ஓடவிட்டேன். மிக்ஸியைப் போட்டேன். நின்றது. இன்னொரு முறை. நின்றது. சட்னி கூழாகிவிட்டது.

விஷயம் இதுதான். மிக்ஸி கிளம்பும் அந்த நொடியில் வீட்டு ட்யூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டும், எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். எல்லைக் கோட்டு விளக்கும் அதே லைனில்தான் இருக்கிறது. அதுவும் மங்கும். சென்சார் அதை, யாரோ குறுக்கே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஆக, அந்தப் பதினாறு இவர் நடந்த நேரம் அல்ல. நான் சட்னி அரைக்க ஆரம்பித்த நேரம்.

இவரிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். கதவு வரை போனேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன்.

21 ஜூன், புதன்

காந்திபுரம் கடைக்குப் போய் வந்தேன். ஷ்மிட் ட்ரிகர் ஐ.சி. இரண்டும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் இரண்டும் வாங்கினேன். கவுன்டரில் இருந்த பையன், "ஆன்ட்டி, பையன் புராஜெக்டுக்கா?" என்றான். "இல்லை, ஆன்ட்டி புராஜெக்டுக்கு" என்றேன்.

பிறகு பாலிடெக்னிக்கில் ஆசிரியையாக இருபது வருடம் நான் கரும்பலகையில் எழுதிய பாடம்தான் இது. டிஜிட்டல் சர்க்யூட்டுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில். எங்கள் பழைய சென்சாரோ மெதுவாகப் படியேறுவது போல ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். நடுவழியில் தயங்கி நிற்கும் அந்த நேரத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தாலும் போதும், தப்பான பக்கம் சாய்ந்துவிடும். இரைச்சலை அடக்கக் கண்டென்சரைப் பெரிதாகப் போடலாம், ஆனால் கடிகாரம் மந்தமாகிவிடும், ஆள் தாண்டிப் போன பிறகு நிற்கும். அன்றைக்கு ஷெட்டில் நாங்கள் ஐந்து பேரும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினோம். வேகம் கேட்டால் இரைச்சல் வரும், இரைச்சலை நிறுத்தினால் வேகம் போகும்.

ஷ்மிட் ட்ரிகர் இரண்டையும் தீர்க்கும். போகும்போது ஒரு அளவு, திரும்பும்போது வேறு அளவு வைத்துக்கொள்ளும். அரைகுறை மங்கலுக்கெல்லாம் மசியாது. நிஜமாகவே ஆள் மறைத்தால் ஒரே தாவாகத் தாவிவிடும். பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு வேகமான ஃபோட்டோ டிரான்சிஸ்டரை வைத்தேன். ஐ.சி. காலருகே சின்னக் கண்டென்சர் ஒன்று. இந்த வயதிலும் பற்றவைப்பு பளபளவென்று விழுந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

மிக்ஸியைப் போட்டேன். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

22 ஜூன், வியாழன்

ரேஷன். கேஸ் பதிவு. மாவு அரைக்கக் கொடுத்தது.

வரவேற்பறைச் சுவரில் அன்று மில்லில் கொடுத்த கேடயம் இருக்கிறது. 10.9 என்று பித்தளையில் வெட்டியிருக்கும். வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பேன். இன்று தேய்க்கவில்லை.

23 ஜூன், வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

மில் மைதானத்தில் அன்று ஒரே ஒரு பிளக் போர்டுதான். எங்கள் விளக்குக்கும் பெட்டிக்கும் அதிலிருந்துதான் கரன்ட். மைக் செட் சின்னராசு கடைசி நேரத்தில் ஓடி வந்து, "அம்மிணி, எனக்கும் ஒரு பொந்து குடுங்க" என்று அதிலேயே சொருகினான். அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர், மேசை நிறைய இருக்கும். சும்மா பேசினால் ஒன்றுமில்லை, கத்தினால் கரன்டை அப்படியே இழுக்கும். ஓட்டம் முடியும் நேரத்தில் சின்னராசு சும்மா பேச மாட்டான். மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு, "வெள்ளியங்கிரி! நம்ம வெள்ளியங்கிரி!" என்று மைதானமே அதிரக் கத்தினான். அப்போது என் மேசையில் இருந்த குண்டு பல்பு மங்கிப் பிரகாசமானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரகோஷத்தில் பல்புகூட ஆடுகிறது என்று அன்று நினைத்துச் சிரித்தேன்.

இரண்டாவதாக வந்தவர் பேரை யாரும் கத்தவில்லை. முதலில் வருபவரோடு கடிகாரம் நின்றுவிடும் என்பதால், மற்றவர் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

டெய்சி இன்று வரவில்லை. வர வேண்டாம் என்று இவரே போன் செய்துவிட்டாராம்.

24 ஜூன், சனி

மிக்ஸியை மட்டும் சொல்லி, மைக் செட்டை மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. முப்பது வருடம் பம்ப் பிரித்துப் பூட்டிய மனிதர். பாதி சொன்னால் மீதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார், அப்போது நான் மறைத்தது மட்டும்தான் மிஞ்சும்.

சொல்லாமலும் இருக்கலாம். பத்து புள்ளி ஒன்பது இவரிடமே இருக்கும். கட்டிலும் இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் இவருக்கென்று இருக்கும் ஒரே பெருமை அது. அதை எடுத்துவிட்டால் மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்?

25 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இட்லி சாப்பிட்டு முடிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸியிலிருந்து ஆரம்பித்தேன். "அந்தப் பதினாறு தப்புங்க. நான் மிக்ஸி போட்டதுல பொட்டி நின்னு போச்சு. நீங்க அன்னிக்கும் இருவத்தஞ்சுதான் நடந்திருப்பீங்க."

"அப்ப மறுநா காலு கைவிடல?"

"இல்லீங்க. எல்லா நாளும் ஒரே காலுதான்."

கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஃபிட்டர் மூளை சுற்றுவது எனக்குத் தெரிந்தது.

"மிக்ஸிக்கே நிக்கும்னா..." என்று இழுத்தார். அப்புறம் மெதுவாக, "சின்னராசு செட்ட எங்க சொருகியிருந்தான்?"

"நம்ம போர்டுலதானுங்க."

"என்ற பேரச் சொல்லிக் கத்துனான்."

"ஆமாங்க."

"நான் கயித்தத் தொடறதுக்கு முந்தி."

"முந்தித்தான் இருக்கோணும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ என்ற கிட்டப் பேசுன மொத வார்த்தையே பொய்யா புள்ள?"

சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அழுதுவிட்டேன். "மொதல்ல வந்தது நீங்கதானுங்க. நீங்க கயித்த நெஞ்சுல வாங்குனத மில்லே பாத்துச்சு. அத எந்த மிஷினும் மாத்த முடியாது" என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"செலக்சன்ல ஓடுனது பதினொண்ணு புள்ளி ஏழு."

"அதுதானுங்க உங்க ஓட்டம். மில்லுலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஓடியிருப்பீங்க."

"அப்ப எனக்குக் காலு புடிக்கவே இல்ல."

"இல்லீங்க."

போர்வையை விலக்கினார். இடது கையால் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்தபடியே இருந்தார். "நாப்பது வருசமா இத வைஞ்சுக்கிட்டே இருந்துட்டனே பிரேமா" என்றார். பக்கவாதம் வந்த அன்றுகூட அழாத மனிதர் விம்மி விம்மி அழுதார். நான் அவர் கையின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணி இருக்கும். இவர் முகத்தைக் கழுவிவிட்டேன். காபி கேட்டார். பாதி குடித்துவிட்டு, "பொட்டிய ரிப்பேர் பண்ணீட்டயா?" என்றார்.

"பண்ணீட்டனுங்க. இனி மிக்ஸிக்கு நிக்காது."

"நான் நம்ப மாட்டேன். மிக்ஸியத் தூக்கியா."

தூக்கி வந்தேன். பாதை முடிவில் ஸ்டூல் போட்டு மிக்ஸியை வைத்து, பெட்டியும் விளக்கும் சொருகியிருந்த அதே பிளக் போர்டில் சொருகினேன். மிக்ஸியைத் திருகிக்கொண்டு நான் அங்கே நிற்க வேண்டும், ஆகவே இவர் பக்கத்தில் யாரும் இல்லை. டெய்சிக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். "நீ அங்கயே நில்லு" என்றார் கோலை ஊன்றிக்கொண்டு.

கோட்டைத் தாண்டினார். எண்கள் ஓடின. மிக்ஸியைப் போட்டேன், நிறுத்தினேன், போட்டேன். வெறும் ஜார் அலறியது. விளக்கு ஒவ்வொரு முறையும் மங்கி மங்கி எரிந்தது. எண்கள் நிற்கவில்லை.

பாதி வழியில் அவரே நின்றுவிட்டார். ஓடிப் போய்ப் பிடிக்க ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"சின்னராசு கத்துனாப்பல கத்து புள்ள."

"என்னன்னுங்க?"

"என்ற பேரச் சொல்லித்தான்."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். ஒரு நாளும் நான் இவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான், எனக்கும் அது உறுத்தியதில்லை. என் குரலுக்கு அந்த சர்க்யூட் அசையாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அங்கே வியர்த்து நின்றுகொண்டு என் வாயையே பார்த்தார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வெள்ளியங்கிரி!" என்று கத்தினேன். முதல் தடவை சத்தம் சரியாக வரவில்லை. மிக்ஸியை முழு வேகத்தில் திருகிவிட்டு மறுபடி கத்தினேன். "வெள்ளியங்கிரி! நம்ம வெள்ளியங்கிரி!" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை. அந்தக் காலை இழுத்து, ஊன்றி, இழுத்து, வாயெல்லாம் பல்லாக என்னை நோக்கி வந்தார். கடைசி அடியில் உடம்பு விளக்கை மறைத்த அந்த நொடியில் எண்கள் டக்கென்று நின்றன.

மிக்ஸியை அணைத்தேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் குனிந்து வாசித்தேன். "நாப்பத்தொண்ணுங்க."

"இது என்ற நேரந்தான்" என்றார்.